பாரமற்ற பூமியில் சமதளம்: செகண்ட் லைஃப் உலகில் சரிவு நிலத்தை நிரவுதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

மழை பெய்து மண் கரைவதில்லை. எத்தனை பாரம் ஏற்றினாலும் தரை அமிழ்வதில்லை. எவ்வளவு மேடு ஏறினாலும் கால் சலிப்பதில்லை. இத்தகைய ஓர் உலகத்தில் மனை வாங்கியவர், முதற்காரியமாக அதனை வெட்டியும் நிரப்பியும் சமதளமாக்க முற்படுவது ஏன் என்னும் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். விளையாட்டுச் சாதனங்களின் நுணுக்கத்தைச் சேர்ந்த சிறு விஷயமாக இது மேலோட்டத்தில் தோன்றலாம். எனினும், நிலத்தோடு மனிதனுக்குள்ள சம்பந்தத்தில் எவ்வளவு பகுதி இயற்கையின் நிர்ப்பந்தத்தால் விளைந்தது, எவ்வளவு பகுதி அவனுடைய பண்டங்களின் சௌகரியத்தால் விளைந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்கு, இயற்கையின் நிர்ப்பந்தம் அறவே நீங்கிய ஓர் உலகத்தைவிடச் சிறந்த பரிசோதனைக் களம் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வியின் எல்லை

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட உலகம், சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட செகண்ட் லைஃப். இதில் வெற்றி தோல்வி என்பதில்லை. முடிக்கவேண்டிய பணி என்று எதுவும் விதிக்கப்படவில்லை. வீடு, மரம், உடை, நாற்காலி முதலாக அங்குள்ள பொருள்களில் பெரும்பாலானவை அங்கே வசிப்பவர்கள் தாமே சிருஷ்டித்தவை. நிலம் மட்டும் அவ்வாறன்று. சன்சாரா, ஹெட்டரோசெரா, ஜியோகோட் முதலிய கண்டங்கள் அடங்கிய ‘மெயின்லேண்ட்’ எனப்படும் பகுதியில் மலையும் பள்ளத்தாக்கும் கடற்கரையும் நிறுவனத்தாரால் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. அவற்றை மனைமனையாகப் பிரித்து வாங்கி ஆண்டுகொள்ளும் ஏற்பாடு 2003ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இங்கே சரிவு முந்தியது, உடையவர் பிந்தியவர். தனியார் தீவுகளில் உடையவரே தரையை ஆதியிலிருந்து வகுத்துக்கொள்வதால் அங்கே இந்தக் கேள்வி வேறு உருவம் பெறுகிறது. அதனால் என் பரிசீலனையை மெயின்லேண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெய்யுலகில் நிலத்தை நிரவுவதற்குரிய காரணங்கள் எவருக்கும் தெரிந்தவையே. சுவரின் பாரம் சீராக இறங்கவேண்டும். மழைநீர் அஸ்திவாரத்தை அரிக்காமல் வழிந்தோடவேண்டும். முதியோரும் குழந்தைகளும் இடறாமல் நடமாடவேண்டும். செகண்ட் லைஃபில் இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. அங்கே ஒரு சுவரை அந்தரத்தில் வைத்துக் கையை எடுத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும். வசிப்போரின் திரையுருவங்களாகிய அவதாரங்கள் செங்குத்தான மேட்டிலும் மூச்சிரைக்காமல் ஏறும், வேண்டாமென்றால் பறந்துபோகும். தரையே வேண்டாமென்று 4,096 மீட்டர் உயரம் வரையில் வானத்தில் வீடு கட்டிக்கொள்வோரும் உண்டு. இவ்வளவு சுதந்திரத்துக்கு இடையிலும் சமதளமான மனை விற்பனை விளம்பரங்களில் தனிப்பெருமையாகக் குறிப்பிடப்பட்டு வந்திருக்கிறது என்பதே விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி.

மண்ணின் அமைப்பு

விளக்கத்துக்குள் புகுமுன் அந்த மண்ணின் சுபாவத்தைச் சற்றே கிட்டச் சென்று பார்ப்பது அவசியம். அவ்வுலகின் ஒவ்வொரு மண்டலமும் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் உடைய சதுரம். பரப்பு 65,536 சதுர மீட்டர். மீட்டருக்கு ஒரு புள்ளியாக அச்சதுரம் முழுவதும் புள்ளிகள் இடப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஓர் உயரம் எண்ணாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. முளைகளின் தலைமேல் ஒரு துணியை இழுத்து விரித்தாற்போல, அந்த உயரங்களை இணைத்து விரிக்கப்பட்ட மெல்லிய பரப்பே அங்கே பூமி என்று பெயர் பெறுகிறது. ஒரு புள்ளிக்கு இரண்டு உயரங்கள் இருத்தல் இயலாதாகையால், அந்தப் பூமியில் குகை கிடையாது, குடைந்த பாறை கிடையாது. வேண்டுமானால் அவற்றைப் பொருள்களால் தனியே செய்து வைத்துக்கொள்ளவேண்டும். தண்ணீரின் கதையும் இப்படிப்பட்டதே. கடல்மட்டம் பொதுவாக 20 மீட்டர் என்று நிர்ணயிக்கப்பட்டு, மண்டலம் முழுவதும் ஒரே தளமாகப் பரவிக்கிடப்பதால், கடலுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தாலும், மனையை அந்த மட்டத்துக்குக் கீழே வெட்டிய மாத்திரத்தில் பள்ளத்தில் தண்ணீர் தானே தோன்றிவிடும்.

நிலத்தைத் திருத்துவதற்கு உடையவர் கையில் தரப்பட்டிருக்கும் உபகரணங்கள் சிலவே: சமப்படுத்துதல், உயர்த்துதல், தாழ்த்துதல், மழுக்குதல், கரடுமுரடாக்குதல், பழைய நிலைக்குத் திருப்புதல். ஒரு மனை முழுவதையும் தேர்ந்துகொண்டு சமப்படுத்தும்படி ஆணையிட்டால், மேடு தாழ்ந்து பள்ளம் எழுந்து இரண்டும் இடைப்பட்ட ஓர் உயரத்தில் சந்திப்பதைக் கண்ணெதிரே காணலாம். வெட்டிய மண்ணைச் சுமப்பாரில்லை, நிரப்பும் மண்ணுக்கு விலையில்லை.

இவற்றுள் கடைசி உபகரணம் தனிக் கவனத்துக்கு உரியது. மண்டலத்தை ஆக்கியபோது அமைந்த ஆதி உயரங்களைக் கணினி தனியே பாதுகாத்து வைத்திருக்கிறது. திருப்புதல் என்பது அந்த ஆதிநிலைக்கு மீளுதல். இடையே எத்தனை உடையவர்கள் வந்து எத்தனை முறை வெட்டி நிரப்பினார்கள் என்பதற்கு மண்ணில் எவ்வித அடையாளமும் இராது. அது அறிந்தவை இரண்டே நிலைகள், ஆதியில் இருந்ததும் இப்பொழுது இருப்பதும். மெயின்லேண்டின் பெரும்பகுதியில் ஒருவர் தம் நிலத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடிய எல்லை 4 மீட்டர் என்று விதிக்கப்பட்டிருப்பதும் அந்த ஆதிநிலையிலிருந்து அளக்கப்படுவதே. தனியார் தீவுகளில் இந்த எல்லை 100 மீட்டர் வரையில் செல்லலாம்.

நிலவும் விளக்கங்கள்

சமதள மோகத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு. முதலாவது, கணினி விளையாட்டுகளின் பரம்பரையைக் காரணம் காட்டுவது. 1989ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புல்ஃப்ராக் நிறுவனத்திலிருந்து பீட்டர் மோலினோ உருவாக்கி வெளிவந்த ‘பாப்புலஸ்’ என்னும் விளையாட்டில், ஆடுபவர் தெய்வத்தின் ஸ்தானத்திலிருந்து நிலத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் நிரவித் தருகிறார். அவருடைய அடியார்கள் சமதளம் கண்ட இடத்தில் குடியேறுகிறார்கள். சுற்றிலும் சமதளம் விரிய விரியக் குடிசை வீடாகி, வீடு கோட்டையாகிறது. நாகரிகம் என்பதே சமதளத்தின் பரப்பளவு என்று சொல்லாமற் சொல்லிய விளையாட்டு அது. 1994இல் கிறிஸ் சாயர் ஆக்கிய ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன்’ மண்ணை வெட்டுவதற்கும் நிரப்புவதற்கும் பணம் வசூலித்தது. சுவீடனில் ஆக்கப்பட்டு 2021இல் வெளிவந்த ‘வால்ஹைம்’, மண்வெட்டி போன்ற ஒரு கருவியால் தரையை நிரவ இடங்கொடுத்து, கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் தரையிலிருந்து தாங்குதல் பெறவேண்டும் என்ற நியதியையும் வைத்தது.

இந்த விளக்கத்தை ஏற்பதற்கு ஒரு பெருந்தடை உண்டு. மேற்சொன்ன விளையாட்டுகளில் சமதளத்துக்குப் பரிசு, சரிவுக்குத் தண்டனை, அல்லது இரண்டுக்கும் விலை என்பது விதியிலேயே பொதிந்திருக்கிறது. ஆதலால் ஆடுபவர் நிலத்தை நிரவுவதில் வியப்பில்லை. செகண்ட் லைஃபின் விதிகளிலோ அப்படிப்பட்ட பரிசு யாதொன்றும் இல்லை. காரணம் நீங்கியபின்பும் காரியம் நீங்காமல் இருக்குமாயின் வேறொரு காரணத்தைத் தேடுவதே முறை.

இரண்டாவது விளக்கம் பழக்கத்தைக் காரணமாகக் கூறுவது: மெய்யுலகில் சமதளத் தரையில் வாழ்ந்தவர்கள் அந்த வாசனையோடு இங்கே வந்தார்கள் என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. கூரை நனைய மழையில்லாத உலகத்தில் கூரை வேய்வோரும், பசிக்காத உடம்புக்குச் சமையலறை கட்டுவோரும் அங்கே ஏராளம். எனினும் 2004 முதல் 2007 வரையில் அவ்வுலகிலேயே களப்பணி செய்து 2008இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டாம் போல்ஸ்டார்ஃப், மெய்ந்நிகர் உலகத்தின் வாழ்வை மெய்யுலக வாழ்வின் நிழலாகக் கருதாமல், அதற்குரிய இயல்பிலேயே வைத்து ஆராயவேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த நெறி நமக்கும் ஏற்றது. பழக்கமே காரணமாயின் மலைவீட்டைக் கனவு காண்பதும் மனிதருக்குப் பழக்கந்தானே! 1911இல் ஃபிராங்க் லாயிட் ரைட் விஸ்கான்சின் மாநிலத்தில் தமக்கென்று கட்டிக்கொண்ட டாலியெசின் இல்லத்தைக் குன்றின் உச்சியில் ஏற்றாமல் அதன் நெற்றிவரியில் பொருத்தியதும், வீடு குன்றின்மேல் இராமல் குன்றினுடையதாக இருக்கவேண்டும் என்று அவர் கருதியதும் கட்டடக் கலையறிந்தோர் யாவரும் போற்றும் உதாரணம். பழக்கம் சமதளத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு சரிவை விட்டுவிட்டது ஏன் என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை.

பெட்டியில் வரும் வீடு

என் துணிபு இது: சமதளத்தை வேண்டுவது மனிதனுடைய சுபாவமோ விளையாட்டுகளின் சம்பிரதாயமோ அன்று, எங்கோ ஓரிடத்தில் செய்யப்பட்டு, காணாத நிலத்துக்கு விற்கப்படும் வீடே அதனை வேண்டுகிறது.

செகண்ட் லைஃபில் வசிப்போருள் வீடு கட்டத் தெரிந்தவர் சிலர். வாங்கிக் குடியேறுவோர் பலர். வீடு செய்பவர் தம் வேலையைப் பெரும்பாலும் ‘சாண்ட்பாக்ஸ்’ எனப்படும் பொதுக் களத்தில் அல்லது தம் சொந்தத் தளமேடையில் நடத்துகிறார். அந்தக் களம் பொதுவாகச் சமதளம். கட்டடங்களின் மூலக்கூறாகிய ‘பிரிம்’ என்னும் பிண்டம் ஆதியில் ஒரு பக்கத்துக்கு 10 மீட்டருக்கு மேல் நீளாது என்ற வரம்பு இருந்தமையால், பத்து மீட்டர்ப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தளம் பரப்பி, அதன்மேல் சுவர் எழுப்புவது வழக்கமாயிற்று. முடிந்த வீட்டைப் பகுதி பகுதியாக ஒரு பெட்டிக்குள் அடக்கி விற்கிறார்கள். வாங்கியவர் அப்பெட்டியைத் தம் மனையின் நடுவில் வைத்துத் தொடுகிறார். தளமும் சுவரும் கூரையும், பெட்டியிலிருந்து தமக்கு விதிக்கப்பட்ட தூரத்தில், விதிக்கப்பட்ட உயரத்தில், ஒவ்வொன்றாகப் பிரத்தியட்சமாகின்றன.

அந்த வேளையில் மனை சரிவாக இருந்தால் என்ன நிகழ்கிறது என்பதை நேரில் பார்த்தவர்க்கே இந்த விஷயத்தின் வேகம் புலப்படும். மேட்டுப்பக்கத்து அறையில் புல்தரை தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலெழுந்து, கட்டிலின் கால்களை மூடி, சுவரில் மாட்டிய படத்தின் விளிம்பைத் தொடுகிறது. பள்ளத்துப்பக்கத்து வாசலோ தரைக்கு மூன்று மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. கதவைத் திறந்து காலடி வைத்தவர் கீழே விழுகிறார். அந்நிலையில் வீட்டுக்காரர் முன்னே இரண்டு வழிகள். ஆயத்தமாகச் செய்யப்பட்ட வீட்டைச் சரிவுக்கேற்பப் பிரித்துத் திருத்தலாம். அதற்குத் திறமை வேண்டும், செய்தவர் பல சமயங்களில் அதற்கு அனுமதியும் அளிப்பதில்லை. அல்லது நிலத்தைத் தேர்ந்துகொண்டு ‘சமப்படுத்து’ என்று ஓர் ஆணையிடலாம். வீட்டை மாற்ற உரிமையில்லாதவரும் நிலத்தை மாற்ற உரிமையுடையவராக இருக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டிலேதான் குன்றுகள் கரைந்துபோகின்றன என்று நான் கருதுகிறேன்.

சில வீடு செய்வோர் இந்த இடரை உணர்ந்து, தளத்தின் அடியில் ஆழமான ஓர் அஸ்திவாரப் பிண்டத்தை இணைத்துத் தருவது உண்டு. அது பள்ளத்துப்பக்கத்து இடைவெளியை மறைக்குமேயன்றி மேட்டுப்பக்கத்து மண்ணைத் தடுக்காது. ஆகவே வீட்டை மேட்டின் உயரத்துக்குத் தூக்கிவைக்கிறார்கள், வாசலில் படிக்கட்டு நீள்கிறது. அது சரிவைச் சகித்துக்கொண்ட வீடு. சரிவை ஏற்றுக்கொண்ட வீடு என்று சொல்லமுடியாது.

இதோடு கணக்குமுறையும் ஒத்துழைத்தது. ஆரம்ப காலத்தில் ஒரு மண்டலத்துக்கு 15,000 பிரிம்கள் என்று அளவு வகுக்கப்பட்டிருந்தபடியால், 512 சதுர மீட்டர் மனைக்கு உரிய பங்கு 117. படியடுக்குகளும் தாங்குசுவர்களும் அமைத்துச் சரிவோடு இசைந்து கட்டுவோர்க்கு ஒவ்வொரு கல்லும் அந்தப் பங்கிலிருந்து கழிந்தது. மண்ணை வெட்டுவோர்க்கோ ஒரு பிரிம்கூடச் செலவில்லை. பிற்காலத்தில் இந்த அளவு உயர்த்தப்பட்டதாயினும், மண் கணக்கில் சேராமலும் சுவர் கணக்கில் சேர்ந்தும் இருக்கும் ஏற்பாடு மாறவில்லை.

அண்டை மனை

ஒருவர் தம் மனையை நிரவுவது அவரோடு முடிகிற காரியமாக இருந்தால் இதனைப் பற்றி இவ்வளவு கவலைப்படவேண்டியதில்லை. ஓர் உதாரணம் கொண்டு பார்ப்போம். 32 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் உள்ள 512 சதுர மீட்டர் மனை ஒன்று, நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் நீளவாக்கில் சரிகிறது என்று கொள்வோம். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உயர வித்தியாசம் 8 மீட்டர். இதை நடுமட்டத்தில் நிரவினால் மேல் விளிம்பில் 4 மீட்டர் வெட்டும் கீழ் விளிம்பில் 4 மீட்டர் நிரப்பும் ஆகி, விதித்த எல்லை முழுவதும் செலவாகிவிடுகிறது. அதைவிடச் செங்குத்தான மனையை முற்றிலும் சமதளமாக்க விதியே இடங்கொடாது.

இப்பொழுது கீழேயுள்ள அண்டை வீட்டாரின் நிலையைக் கவனிக்கவேண்டும். அவர் தம் நிலத்தைத் தொடாமலே இருந்தாலும், நேற்றுவரை புல்மேடாக ஏறிச்சென்ற அவருடைய கொல்லைப்புறம் இன்று 4 மீட்டர்ச் சுவராக எழுந்து நிற்கிறது. புள்ளிகளின் இடைவெளி ஒரு மீட்டரே ஆகையால், அந்த உயரம் முழுவதும் ஏறத்தாழ ஒரு மீட்டர்த் தொலைவுக்குள் ஏறி, 76 பாகைச் சாய்வாகிறது. தரையின் வண்ணம் மேலிருந்து கீழாகப் பதிக்கப்படுவதாகையால், அந்தச் செங்குத்தில் புல்லும் மண்ணும் இழுபட்டு நெடுங்கோடுகளாக வழிந்து, பார்க்கச் சகியாத தோற்றம் கொள்கின்றன. அண்டையாரும் தம் மனையை இதேபோல நிரவுவாராயின், அவருடைய மேல் விளிம்பு 4 மீட்டர் தாழ்ந்து, இருவருக்கும் இடையே 8 மீட்டர்ப் பாதாளம் உண்டாகிறது. இவ்விருவருள் ஒருவரும் அயலார் மண்ணில் ஓர் அங்குலம் தொட்டாரில்லை. குன்று மட்டும் மறைந்துவிட்டது.

நிறுவனம் பிறந்த நகரத்திலேயே இதற்கு மெய்யான முன்னோடி உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் தெருக்கள் குன்றுகளின் போக்கைப் பொருட்படுத்தாமல் நேர்க்கோடுகளாக வகுக்கப்பட்டவை. செல்வர்கள் வாழ்ந்த ரிங்கன் குன்றின் ஊடே 1869ஆம் ஆண்டில் இரண்டாம் தெருவைச் சமமாகக் கொண்டுசெல்வதற்காக அக்குன்றை ஆழமாகப் பிளந்தார்கள். வெட்டின் ஓரத்து வீடுகள் மண்சுவரின் உச்சியில் தொங்கும் நிலை ஏற்பட்டு, அந்தக் குடியிருப்பு சீர்குலைந்தது. அங்கே மண் சரிந்து வெட்டினவர்களைத் தண்டித்தது. செகண்ட் லைஃபில் மண் சரிவதில்லை, ஆதலால் தண்டனையுமில்லை. 4 மீட்டர் எல்லை ஒன்றே அதன் ஸ்தானத்தில் நிற்கிறது.

சட்ட அறிஞர் லாரன்ஸ் லெஸ்ஸிக் 1999இல் வெளியிட்ட நூலில், கணினி உலகத்தில் நிரலே சட்டத்தின் வேலையைச் செய்கிறது என்று நிறுவினார். 4 மீட்டர் எல்லையும் அத்தகைய ஒரு சட்டமே. அதனைச் சொத்துரிமைக்கு விதிக்கப்பட்ட அநாவசியத் தடை என்று குறைகூறுவோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு குன்றின் சரிவு பல மனைகளின் எல்லைகளைக் கடந்து ஓடும் ஒற்றைப் பொருள். அதைத் துண்டுதுண்டாக விற்கலாமேயன்றி, துண்டுதுண்டாகக் காப்பாற்ற இயலாது. எல்லை வகுத்தது தவறன்று. வகுத்த எல்லை மனை முழுவதற்கும் ஒரேயளவாக இருப்பதே குறை. மனையின் ஓரங்களில் ஒரு மீட்டரும் நடுவில் ஆறு மீட்டருமாக எல்லையை வகுத்திருந்தால், உடையவரின் வீட்டுக்குச் சமதளமும் அண்டையாருக்குப் பழைய சரிவும் ஏககாலத்தில் கிடைத்திருக்கும்.

நிறுவனம் தேர்ந்துகொண்ட மாற்றுவழி வேறு. 2010இல் தொடங்கிய லிண்டன் ஹோம்ஸ் குடியிருப்புகளிலும், 2019இல் திறக்கப்பட்ட பெல்லிசேரியா கண்டத்திலும், வீட்டையும் தரையையும் சேர்த்தே அமைத்துக் கொடுத்து, தரையைத் திருத்தும் உரிமையைக் குடியிருப்போரிடமிருந்து முற்றிலும் நீக்கிவிட்டார்கள். தெருவுக்குத் தெரு அழகு குலையாமல் நிற்பது உண்மையே. ஆயினும் அங்கே சரிவோடு வாழக் கற்றவர் நிறுவனத்தின் பணியாளரேயன்றிக் குடியிருப்பவர் அல்லர்.

சரிவை வாசிக்கும் வீடு

பெட்டியில் வரும் வீடே காரணம் என்ற என் முடிபுக்கு ஓர் ஆட்சேபம் எழலாம்: வாங்குவோரின் நிலம் எப்படியிருக்கும் என்று அறியமுடியாத நிலையில் வீடு செய்பவர் வேறென்ன செய்வார்? மெய்யுலகத்துத் தொழிற்சாலைக்கு இந்தச் சமாதானம் பொருந்தும். 1947 முதல் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன், ஒரே மாதிரி வீடுகளை வரிசையாக எழுப்புவதற்கு உருளைக்கிழங்கு வயல்களின் சமதளத்தைத் தேடிப்போனது நிர்ப்பந்தத்தால். செகண்ட் லைஃபில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. அங்குள்ள பொருள்களுக்குள் எழுதப்படும் நிரல்மொழியில், ஒரு பொருள் தன் காலடித் தரையின் உயரத்தைக் கேட்டறிவதற்கு ‘எல்எல்கிரவுண்ட்’ என்றும், அங்கே தரை எத்திசையில் சாய்கிறது என்று அறிவதற்கு ‘எல்எல்கிரவுண்ட்ஸ்லோப்’ என்றும் ஆணைகள் உண்டு. தன் நீளத்தைத் தானே மாற்றிக்கொள்ளவும் ஒரு பிரிமுக்கு இயலும். வீட்டின் நான்கு மூலைத் தூண்களிலும் அந்த ஆணையை எழுதி, பெட்டி திறந்தவுடன் ஒவ்வொரு தூணும் தன் கீழுள்ள மண்ணின் உயரத்தைக் கேட்டு, அதுவரையில் நீண்டு ஊன்றிக்கொள்ளும்படி செய்வது பெரிய வித்தையன்று. தளம் மேட்டு விளிம்பின் மட்டத்தில் நிற்கும். வாசற்படிகள் சரிவின் திசையை அறிந்து அந்தப் பக்கம் இறங்கும். தூண்களின் நடுவே புல்மேடு அறுபடாமல் அண்டை மனைக்குள் தொடர்ந்து செல்லும். 512 சதுர மீட்டர் மனையின் பழைய கணக்குப்படி பார்த்தாலும் தூண்களுக்குச் செலவாவது நான்கு பிரிம். எஞ்சிய 113இல் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம்.